செவலைக்கு வந்த சர்க்கரை

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தன் வீட்டு மாடு செத்தாலும் கவலையில்லை. அடுத்தவன் வீட்டு மாட்டுக்கு எங்கே நோகிறது என்று மட்டும் தெரிந்தாக வேண்டும். மீனாட்சிபுரம் மிருகாசுபத்திரி வாசலில், வேப்பமர நிழலில் நின்றுகொண்டு பொங்கியண்ணன் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் ஒருத்தன் இந்த மாதிரி இடத்தில் நின்றால், பார்த்தும் பார்க்காத மாதிரிப் போய்விடுவார்கள். இப்போது நின்று, பீடியைப் பற்றவைத்து, சாவகாசமாக விசாரிக்கிறார்கள்.

குப்பண்ணன் அப்படித்தான் வந்து நின்றார். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் எருமை. இரண்டு பேரும் பொங்கியண்ணனை ஒரே மாதிரி பார்த்தார்கள்.

"ஏனுங்க மச்சான், மாடில்லாம வந்து நிக்கறீங்க?"

நியாயமான கேள்விதான். மிருகாசுபத்திரிக்கு வருகிறவன் ஏதாவது ஒரு மிருகத்தோடு வருவான். பொங்கியண்ணன் தன்னை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"காளைக்குச் செரியில்ல."

"ஆரு, செவலைக்கா? நேத்துக்கூட வேலியப் பிரிச்சுக்கிட்டு ரத்தினசாமி ஊட்டு மாட்டைத் தேடிப் போச்சே!"

"அது நேத்து."

"இன்னைக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ண மாட்டேங்குது. அதுதான் சீக்கு."

குப்பண்ணன் வாயிலிருந்த பீடி கீழே விழுந்தது. அந்த வட்டாரத்துப் பசுமாடுகளில் பாதி, செவலைக்கு வாழ்க்கைப்பட்டவை. அதற்கே இந்தக் கதி என்றால் சின்ன விஷயமா?

உண்மையில் செவலைக்கு ஒரு குறையும் இல்லை. அது கொழுத்துப்போய்க் கட்டுத்தறியில் நின்று ஊரை முறைத்துக்கொண்டிருந்தது. சீக்கு பொங்கியண்ணனுக்குத்தான். தீபாவளிக்கு முன்பிருந்தே அவர் எழுந்தாலும் அது எழுவதில்லை.

இதற்கு மனுஷ டாக்டரிடம் போகலாம். ஆனால் அது எமர்ஜென்சி காலம். இடுப்புக்குக் கீழே ஏதாவது கோளாறு என்று ஆசுபத்திரி வாசலை மிதித்தால், பிடித்துப் படுக்கவைத்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் செய்து அனுப்பிவிடுகிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கோளாறைச் சரிசெய்யப் போய், கடையையே பூட்டிவிட்டு வர அவர் தயாரில்லை.

தவிர, மனுஷ டாக்டர்களை அவர் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறார். கால் புண் ஆறவில்லை என்று பொள்ளாச்சிக்குப் போனபோது, ஒரு சின்னவயசு டாக்டர், "உங்க ரத்தத்துல சர்க்கரை இருக்கு" என்றான். "இருந்தா என்னை ஆலைக்கு அனுப்பு, புழிஞ்சு எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தவர், அவன் கொடுத்த மாத்திரைகளைச் சாணிக் குழியில் போட்டார். ரத்தம் உப்புக் கரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். விரல் அறுபட்டால் அவரும் வாயில் வைத்துப் பார்த்தவர்தான்.

ஆகவே இந்தப் புதுக் கோளாறுக்குக் கொல்லங்கோட்டுச் சந்தையில் ஒரு வைத்தியனிடம் லேகியம் வாங்கினார். கருப்பட்டி, தேன், நெய், பேரீச்சம்பழம் எல்லாம் போட்டுக் கிண்டியது. மருந்து என்றால் கசக்கும், இது தித்தித்தது. அதனாலேயே அவர் அதை நம்பினார். காலையில் ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி, நடுவில் ஆசைக்கு ஒரு விரல்.

லேகியம் உள்ளே போகப் போக, தாகம் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் இறங்கியது. இறங்கியதெல்லாம் வெளியே போகவும் வேண்டியிருந்தது. கொட்டகைச் சுவரோரம் அவர் நின்ற இடத்தில் எறும்புகள் கூட்டம் போட்டன. எது எழ வேண்டுமோ அது மட்டும் எழவில்லை.

அதைவிட மோசம், வீட்டில் நடந்தது. பெண்சாதி பழனாத்தாள் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். கேட்டால், "நீங்க மணிக்கொரு தரம் எந்திரிச்சுக் கதவைத் தொறக்கறீங்க, தூங்க முடியறதில்லீங்க" என்றாள். பொங்கியண்ணன் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் காபியில் சர்க்கரை இல்லை.

"சக்கரை எங்க?"

"ரேசன்ல வந்தாத்தானுங்க."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"நேத்தும் வரலீங்க."

பலகாரம் நின்றது. சோற்றுக்குப் பதில் ராகிக் களி வந்தது. பாகற்காய் பொரியலாக வந்தது, குழம்பாக வந்தது, ஒரு நாள் சாறாகவே வந்தது. பொங்கியண்ணனுக்குப் புரிந்துவிட்டது. உழைக்காத மாட்டுக்குப் புண்ணாக்கு எதற்கு என்று முடிவு செய்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து தன்னைப் பார்த்துத் தலையை நிமிர்த்தாத பொம்பளை, இப்போது டம்ளரை நீட்டும்போது நேராகக் கண்ணைப் பார்க்கிறாள். அந்தப் பார்வைதான் அவரைத் தின்றது. தோப்பு போனால் போகட்டும், வயல் போனால் போகட்டும். பழனாத்தாள் தன்னைக் கணக்கில் இருந்து தள்ளிவிட்டால் அப்புறம் வேட்டி கட்டி என்ன பிரயோஜனம்?

அதனால் வீட்டுக் காபியைக் குடித்த கையோடு டீக்கடைக்குப் போய், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்து மனசை ஆற்றிக்கொண்டார். அதுவும் ஆறாதபோதுதான் மிருகாசுபத்திரிக்கு வந்தார்.

மாட்டு டாக்டர் சங்குண்ணி பாலக்காட்டுக்காரர். எல்லைப்புறத்தில் வெகு காலம் இருந்து, தமிழையும் மலையாளத்தையும் ஒரே தீவனமாகப் பிசைந்து வைத்திருந்தார். மூலையில் கம்பவுண்டர் மாரப்பன் ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"எந்தா பொங்கியண்ணா, காளை எவிட?"

"நடக்கறதுக்குத் தெம்பில்லீங்க. ஊட்டுல கெடக்குது. நான் வாயில சொல்றேன், நீங்க மருந்து குடுங்க."

"சரி, சொல்லு."

பொங்கியண்ணன் குரலைத் தாழ்த்தினார். "மனசு இருக்குதுங்க. ஒடம்பு கேக்க மாட்டேங்குது."

"காளை அதோட மனசை உன்கிட்டப் பறஞ்சதா?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா?"

"தண்ணி எங்ஙனெ? நல்லாக் குடிக்குமோ?"

"குடம் குடமாங்க."

"ராத்திரி மூத்திரம்?"

"மணிக்கொரு தரம் எந்திரிக்கறேன்... எந்திரிக்குதுங்க."

"மூத்திரம் விட்ட இடத்தில உறும்பு வருமோ?"

"எறும்புங்களா? சாரை சாரையா வருதுங்க. அக்கட்டால கால் வைக்க முடியறதில்ல."

"கால் மரத்துப் போகுமோ?"

"போகுதுங்க. நடந்துட்டு இருக்கறப்பச் செருப்புக் கழண்டு போனதே தெரியலீங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "காளை செருப்புப் போடுமோ?"

"லாடத்தைச் சொன்னேனுங்க."

மாரப்பனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே இன்னொரு இருமல் கேட்டது, அது குப்பண்ணன்.

"பொள்ளாச்சிப் பக்கம் ஹார்மோன் ஊசின்னு ஒண்ணு இருக்குதாமுங்க. அதுல ஒண்ணைப் போட்டு உடுங்க. சோலி முடிஞ்சுது" என்றார் பொங்கியண்ணன்.

சங்குண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பொங்கியண்ணா, கேளு. ரத்தத்தில சர்க்கரை ஏறி வருஷக்கணக்கில் கெடந்தா நரம்பு மரத்துப்போகும், ரத்தக்குழாய் அடைஞ்சுபோகும். அந்த இடத்துக்கு ரத்தம் போகாம அது எப்படி நிக்கும்? வேற ஒண்ணும் உண்டு. ஆண் ஹார்மோன். விதையிலதான் அது ஊறும். சர்க்கரையும் தொந்தியும் சேர்ந்த ஆளுகளில் நெறையப் பேருக்கு அது வத்திப்போகும். வத்திப்போனா, ஆசையே போயிரும். உன் காளைக்கு ஆசை இருக்குன்னு சொல்ற. அப்ப முதல்ல சர்க்கரையக் கொறை. ஊசி, அளந்து பாத்துக் குறைவா இருந்தாத்தான். கெணத்துல தண்ணி இருக்கான்னு பாக்காம மோட்டார் வைப்பியா?"

"காளைக்கு ஏதுங்க தொந்தி?"

"இந்தக் காளைக்கு உண்டு" என்றார் டாக்டர், பொங்கியண்ணனின் இடுப்புவாரைப் பார்த்துக்கொண்டே. "வெல்லம், சர்க்கரை, லேகியம் ஒண்ணும் கூடாது. காலையில வாய்க்கால் வரைக்கும் நடக்கட்டும். இது வயசு இல்ல, சாபம் இல்ல, நாணக்கேடும் இல்ல. வியாதி. நாளைக்கு வெறும் வயித்துல மூத்திரம் பிடிச்சுக் கொண்டா."

மறுநாள் பொங்கியண்ணன் பழைய டானிக் பாட்டிலில் கொண்டுவந்தார். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. மாரப்பன் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, பாட்டிலிலிருந்து சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"காளைக்கு நெம்ப முத்திப் போச்சுங்க" என்றார் மாரப்பன்.

"அந்த மருந்தோட வேலையே செவக்கறதுதான். ஆரோடதை ஊத்துனாலும் செவக்கும். எங்கே, உன்னுதை ஊத்து பாப்போம்" என்று மல்லுக்கு நின்றார் பொங்கியண்ணன்.

மாரப்பன் மூஞ்சியைச் சுளிக்காமல் பின்பக்கம் போய்விட்டு வந்தார். குழாயைக் காய்ச்சினார். நீலம் நீலமாகவே இருந்தது.

"உன்னுது நீலமாத்தான் இருக்கும். நீ சர்க்கார் ஆளு" என்றார் பொங்கியண்ணன்.

சங்குண்ணி தலையைச் சொறிந்தார். "பொங்கியண்ணா, இந்தக் காளையைப் பாலக்காட்டுல ஒரு மனுஷ டாக்டர்கிட்டக் காட்டு. ஆபரேசன் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. மாத்திரை கொடுப்பாங்க. அதைச் சாணிக் குழியில போடாம இருந்தாப் போதும்."

சாணிக் குழி விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்று பொங்கியண்ணன் யோசித்திருக்கலாம். காளைக்கு மனுஷ டாக்டரா என்ற கோபத்தில் அது காதில் ஏறவில்லை.

அதற்குள் குப்பண்ணன் தன் வேலையைச் செய்து முடித்திருந்தார். டீக்கடையில் பொங்கியண்ணன் நுழைந்தால் பேச்சு நின்றது. எல்லோரும் இழவு வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"செவலைக்கு இப்படி ஆகும்னு ஆரு கண்டா" என்றார் ஒருத்தர்.

"இனி சினைக்குச் சர்க்கார் ஊசிதான் நம்ம மாடுகளுக்கு" என்றார் இன்னொருத்தர்.

"மச்சான், நீங்க மனசைத் தளர உட்டுராதீங்க. வயசானா எல்லாத்துக்கும் வர்றதுதான்" என்றார் குப்பண்ணன்.

"அதுக்கு என்ன வயசாச்சு? இன்னும் பல்லே முழுசா முளைக்கல!" என்று கத்தினார் பொங்கியண்ணன்.

ஒரு பசுவும் வரவில்லை. வழியில் போகிறவர்கள் கொட்டகைப் பக்கம் குனிந்து செவலையின் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு, 'த்சொ' என்று போனார்கள். தன் மானம் போனது தெரியாமல் செவலை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பொங்கியண்ணனுக்கு வயிறு எரிந்தது. தன் பெயரைக் காப்பாற்ற, பாவம், ஒரு வாயில்லா ஜீவனின் பெயரைக் கெடுத்தாகிவிட்டது.

அதன் பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ரத்தினசாமி வீட்டுப் பசு சினைக்குக் கத்துகிறது என்று தெரிந்ததும், "நாளைக்குக் காலையில ஓட்டிக்கிட்டு வா. ஊரையே கூட்டிக்கிட்டு வா. எல்லாரும் பாக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார். அத்தோடு விட்டிருந்தால் செவலை தன் கடமையைச் செய்திருக்கும். ஆனால் பொங்கியண்ணனுக்குச் செவலை மேலும் நம்பிக்கையில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, மீதியிருந்த லேகிய டப்பாவை அப்படியே அதன் முன்னால் வைத்தார்.

செவலை டப்பாவின் அடிவரை நக்கித் தீர்த்தது.

காலையில் ஊர் கூடியது. பசு தயாராக நின்றது. செவலை எழுந்து, மெதுவாக நடந்து, பசுவின் பின்னால் போய் ஒரு தடவை மோந்து பார்த்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு செவலை வாலைத் தூக்கி, கருப்பட்டி, தேன், நெய், பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் முன்வரிசையில் நின்ற குப்பண்ணனின் வேட்டியில் இறக்கியது. இறக்கிவிட்டு, பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

"முடிஞ்சுது" என்றார் குப்பண்ணன், வேட்டியை உதறியபடி. "இனி இது ஏர் மாடுதான்."

பழனாத்தாள் கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு காபி டம்ளரோடு வந்தாள்.

"ஏனுங்க, பயன்படாததை எதுக்குத் தீனி போட்டு வளக்கறது? மாரப்பனைக் கூப்புட்டுக் காயடிச்சு உட்டறலாமுங்க."

சொல்லும்போது அவள் காளையைப் பார்க்கவில்லை. பொங்கியண்ணன் தன்னையறியாமல் தொடைகளைச் சேர்த்துக்கொண்டார்.

"இப்ப என்ன அவசரம்?"

"சீக்கு இன்னதுன்னு வாய் தொறந்து சொன்னா வைத்தியம் பண்ணலாம். அதுதான் சொல்ல மாட்டேங்குதே" என்றாள். "காபியக் குடிங்க, ஆறிப்போயிரும்."

கசப்பாக இருந்தது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், அது தன் காரணமாகிவிடும்.

அடுத்த நாள் மாரப்பன் வந்தார். கோணிச் சாக்கிலிருந்து காயடிக்கிற இடுக்கியை எடுத்துக் கல் மேல் வைத்தார். முழங்கை நீளத்துக்கு இரண்டு கைப்பிடி, நுனியில் தடித்த இரும்பு வாய். வேடிக்கை பார்க்கக் குப்பண்ணனும் வந்து, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"குப்பண்ணா, உங்க எருமை எங்க வரப்புல மேயுதுங்க. போய் ஓட்டுங்க" என்றாள் பழனாத்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள், "ஆரோ கல்லெடுத்து அடிக்கறாப்பல இருந்துது" என்றாள். குப்பண்ணன் ஓடினார். அவளும் உள்ளே போய்விட்டாள்.

மாரப்பன் செவலையின் பின்னங்காலைக் கட்டினார். இடுக்கிக்கு எண்ணெய் போட்டு, ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார். 'கடக்' என்றது. பொங்கியண்ணன் தன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நெம்ப வலிக்குமா மாரப்பா?"

"ஆருக்குங்க?"

செவலை தலையைத் திருப்பி எஜமானைப் பார்த்தது. அதன் கண்ணில் கோபம் இல்லை. நீயா இப்படி என்கிற மாதிரி ஒரு பார்வை. மாரப்பன் குனிந்தார். இடுக்கி வாயைத் திறந்தது.

"உடு! உடு மாரப்பா, உடு! அதுக்கு ஒரு சீக்கும் இல்ல!"

"மருந்து சொல்லுச்சுங்களே. செங்கல் நெறம்."

"அது... அது அதோடது இல்ல."

"பின்ன?"

பொங்கியண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். செவலையிடம் மன்னிப்புக் கேட்கிறவர்போல அதன் திமிலில் கையை வைத்துக்கொண்டு, மண்ணைப் பார்த்துச் சொன்னார்: "நாந்தான் அந்தக் காளை."

வானம் இடிந்து விழவில்லை. மாரப்பன் ஆச்சரியப்படவும் இல்லை. காலைக் கட்டிய கயிற்றை அவிழ்த்தார். இடுக்கியைத் துடைத்துச் சாக்கில் சுருட்டினார்.

"அப்ப நாளைக்குப் பாலக்காட்டு பஸ்ஸுல ஏறிருங்க. டாக்டர் ஏற்கெனவே அங்க ஒருத்தருக்குச் சொல்லி வெச்சிருக்கறாருங்க."

பொங்கியண்ணனுக்குச் சுருக்கென்றது. "அப்ப உனக்கு முன்னாலயே தெரியும்! அந்தச் சங்குண்ணி ஊரெல்லாம் தமுக்கடிச்சுட்டாரு. எவனையும் நம்பறதுக்கில்லாமப் போச்சு இந்தக் காலத்துல. என்ற ஊட்டுல மட்டும் இது தெரிஞ்சுதுன்னா..."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டீக்கடைப் பக்கமாக விறுவிறு என்று நடந்தார். முதுகுக்குப் பின்னால் மாரப்பன் குரல் கொடுத்தார்:

"டாக்டர் ஒண்ணும் சொல்லலீங்க! போன மாசமே உங்க ஊட்டம்மா ஆசுபத்திரிக்கு வந்து, 'எங்க காளைக்குக் காபியில சக்கரையைக் கொறைச்சாப் போதுங்களா, அடியோட நிறுத்தோணுமுங்களா'ன்னு கேட்டுட்டுப் போனாங்க!"

பொங்கியண்ணன் திரும்பவில்லை. "காளையாம், காபியாம்... எவனாச்சும் நம்புவானா?" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.